சாப்பிட்டும் பட்டினி!

கல்வராயன் மலையின் மேலே வெள்ளிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி, வளைந்து வளைந்து மலை ஏறினால் அந்த ஊர் வரும். சாமையும் கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. கடுக்காய்க்குப் பேர் போன மலை.

அங்கே வாழ்கிறவர்களில் மிகப் பலர் "மலையாளி" என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சீபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மலையில் ஏறி இறங்கி உழைக்கிற மனிதருக்கு வயிறு கெட்டுவிட்டால் என்ன ஆகும்? வேலைக்குப் போக முடியாது. கூலி இல்லை. வீட்டில் அடுப்பு எரியாது.

முதலில் ஓமத் தண்ணீர் குடிப்பார். அப்புறம் கடுக்காய்ப் பொடி. அதற்குப் பிறகு கடையில் மாத்திரை. இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் டாக்டரைத் தேடிக் கீழே இறங்குவார்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். ரத்தம் பார்க்க வேண்டும். மலம் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்க வேண்டும். இன்னொரு நாள் வர வேண்டும். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு நாள் கூலி போய்விடும்.

"இத்தனை சோதனை எதற்கு? மருந்தைக் கொடுத்தால் போதாதா?" என்று நோயாளி கேட்பார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அது 60 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. நடந்த இடமும் வெகு தூரம் இல்லை. கல்வராயன் மலைக்கு வடக்கே இருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாதான் அந்த இடம். வேலூரும் திருவண்ணாமலையும் அப்போது அந்த ஒரே ஜில்லாவில் இருந்தன.

ஊரை வாட்டிய பேதி

1960-ம் ஆண்டை ஒட்டி, வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒரு நோய் பரவியது.

முதலில் திடீரென்று பேதி ஆகும். சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும். "காலரா வந்துவிட்டதோ?" என்று பயந்தார்கள். ஆனால், இது காலரா இல்லை. காலரா என்றால் சில நாட்களில் ஆளைக் கொன்றுவிடும், அல்லது விட்டுவிடும். இந்த நோயோ விடவும் இல்லை. உடனே கொல்லவும் இல்லை.

வாரக் கணக்கில் பேதி. மாதக் கணக்கில் பேதி. மலம் வெளுத்து, நுரைத்து, எண்ணெய் மிதப்பதுபோல் இருக்கும். வயிறு உப்பிக் கொண்டு கடமுட என்று சத்தம் போடும். சோற்றைக் கண்டாலே வெறுப்பு. நாக்கு சிவந்து புண்ணாகிவிடும். மிளகாய் பட்டால் உயிர் போகும். முகம் வெளுக்கும். கால் வீங்கும்.

இதில் ஒரு வேடிக்கை! பேதி என்றால் குழந்தைகளைத்தான் அதிகமாகத் தாக்கும். இந்த நோய் வளர்ந்தவர்களை அதிகமாகத் தாக்கியது. ஏர் பிடிக்கிற ஆண்களும், நாற்று நடுகிற பெண்களும் படுத்த படுக்கை ஆனார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால், அடுத்தவருக்கும் வந்தது. பலர் இறந்தார்கள்.

கஞ்சி குடித்தார்கள், சோறு தின்றார்கள். ஆனால், உடம்பில் ஒட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தார்கள்!

வேலூர் டாக்டர்கள்

வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அமெரிக்கப் பெண் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ம் ஆண்டில் சின்னஞ்சிறு வைத்திய சாலையாகத் தொடங்கியது அது.

அங்கே செல்வின் பேக்கர் என்ற டாக்டர் இருந்தார். ஆஸ்திரேலியா நாட்டுக்காரர். இங்கிலாந்தில் உள்ள வெல்கம் அறக்கட்டளையின் பண உதவியோடு நடந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர் தலைவர். அவருடன் வி.ஐ.மாதன் முதலிய இந்திய டாக்டர்கள் வேலை செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, வருகிற நோயாளியைப் பார்த்து அனுப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. கிராமங்களுக்கே போனார்கள். எந்த வீட்டில் முதலில் வந்தது, அடுத்து யாருக்கு வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று விசாரித்தார்கள்.

"ஸ்புரூ" என்ற நோய்தான் இது என்று கண்டார்கள்.

வெள்ளைக்காரருக்கு மட்டுமா?

ஸ்புரூ என்பது டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்த நோயைப் பற்றி 1759-ம் ஆண்டிலேயே பார்படோஸ் தீவில் வில்லியம் ஹிலரி என்ற டாக்டர் எழுதி வைத்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் பலர், நாக்குப் புண்ணும் பேதியுமாகக் கப்பல் ஏறி ஊர் திரும்பினார்கள். இரண்டாவது உலகப் போரின்போது பர்மா எல்லையில் இருந்த பட்டாளத்தையும் இது ஆட்டி வைத்தது.

அதனால், "வெப்ப நாட்டுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் இது" என்ற எண்ணம் டாக்டர்களிடையே வேரூன்றி இருந்தது. உள்ளூர்க்காரர் பேதியால் மெலிந்து செத்தால், "ஏழை, சாப்பாடு போதவில்லை" என்று முடித்து விடுவார்கள்!

1957-ல் டாக்டர் பேக்கர், தம்மிடம் வந்த 60 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் கிராமங்களில் நோய் பரவியபோது, உள்ளூர் மக்களையும் இது ஊர் ஊராகத் தாக்கும் என்பது தெளிவாகிவிட்டது.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள்? அங்கேதான் சோதனைகள் வருகின்றன.

குடலுக்குள் ஒரு நாற்றங்கால்

நமது சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. அதன் உட்புறம் வழவழப்பான குழாய் மாதிரி இருக்காது. நாற்றங்காலில் நெருக்கமாக நாற்று நிற்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு விரல்கள் லட்சக் கணக்கில் நிற்கும். அவற்றைக் "குடல் உறிஞ்சிகள்" என்பார்கள். நாம் தின்னும் சோற்றின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை அவைதான்.

ஸ்புரூ நோயில் இந்த விரல்கள் குட்டையாகித் தேய்ந்துவிடும். உறிஞ்ச ஆள் இல்லை. கொழுப்பு மலத்தோடு போய்விடும். மலம் எண்ணெய்ப் பசையோடு இருப்பது அதனால்தான். ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய போலிக் அமிலமும், பி12 என்ற வைட்டமினும் உடம்பில் சேராது. முகம் வெளுப்பதும், நாக்கு புண்ணாவதும் அதனால்தான்.

வெளியிலிருந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியுமா? தெரியாது.

டாக்டர்கள் பல வழிகளில் பார்த்தார்கள்.

ஒரு வழி, மலத்தைச் சேர்த்து வைப்பது! மூன்று நாள் மலத்தை ஒன்று விடாமல் சேர்த்து, அதில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளப்பது. கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். ஆனால், அந்த அளவு பொய் சொல்லாது.

இன்னொரு வழி, "சைலோஸ்" என்ற ஒரு வகைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வெறும் வயிற்றில் குடிக்கச் செய்வது. 5 மணி நேரம் போகிற சிறுநீரைச் சேர்த்து அளந்து பார்ப்பார்கள். குடல் நன்றாக இருந்தால் அந்தச் சர்க்கரை ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் வந்துவிடும். குடல் கெட்டிருந்தால் சிறுநீரில் கொஞ்சம்தான் வரும். எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்! குடலைத் தொடாமலே குடலின் வேலையை எடை போட்டுவிடுகிறார்கள்.

விழுங்கும் கத்தி!

மூன்றாவது வழிதான் அதிசயமானது.

அமெரிக்க ராணுவ டாக்டர் வில்லியம் கிராஸ்பி 1957-ம் ஆண்டில் ஒரு கருவியைப் பற்றி எழுதினார். பார்ப்பதற்கு ஒரு பெரிய மாத்திரைபோல இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே ஒரு குட்டிக் கத்தி. பின்னால் மெல்லிய ரப்பர்க் குழாய் போன்ற ஒரு வால்.

நோயாளி அதை விழுங்க வேண்டும். வால் வாய்க்கு வெளியே இருக்கும். சில மணி நேரத்தில் மாத்திரை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும். சரியான இடத்துக்குப் போய்விட்டதா என்று எக்ஸ்ரே மூலம் பார்ப்பார்கள்.

பிறகு, வாலின் முனையில் ஊசிக் குழலை வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். குடலின் உள்தோல் ஓட்டைக்குள் இழுபடும். உடனே உள்ளே இருக்கிற கத்தி சுழன்று, ஒரு துணுக்கை வெட்டிக்கொள்ளும். மெதுவாக வாலைப் பிடித்து இழுத்தால், துணுக்கோடு மாத்திரை வெளியே வந்துவிடும்!

வலிக்காதா? வலிக்காது. குடலின் உள்தோலுக்கு வெட்டுவதை உணரும் சக்தி இல்லை.

அந்தத் துணுக்கைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நாற்று நிமிர்ந்து நிற்கிறதா, தேய்ந்து கிடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேலூர் டாக்டர்கள் இதோடு விடவில்லை. நோய் இல்லாதவர்களின் குடலையும் பார்த்தார்கள். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. நன்றாக இருக்கிற நம் ஊர்க்காரர்களின் குடலிலும், அந்த விரல்கள் மேல் நாட்டாரின் குடலில் இருப்பதுபோல் நீளமாக இல்லை. மேல் நாட்டுப் புத்தகத்தை வைத்து அளந்திருந்தால் ஊரில் உள்ள எல்லோரும் நோயாளி ஆகியிருப்பார்கள்!

சோதனைக் காகிதத்தில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தால் பதறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணோடு ஆளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

கீரையில் இருந்த மருந்து

நோய்க்குப் பெயர் தெரிந்தது. மருந்து?

மருந்து மலிவானது. போலிக் அமில மாத்திரை, பி12 ஊசி, கிருமியைக் கொல்லும் டெட்ராசைக்ளின் மாத்திரை. இவைதான். நாக்குப் புண் ஆறும். பசி எடுக்கும். உடம்பு தேறும். ஆனால், அறிகுறி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

இந்தப் போலிக் அமிலத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பந்தம் உண்டு.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிப் பெண்கள் ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய் இறந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட்டிலிருந்து செய்த, ரொட்டியில் தடவித் தின்கிற ஒரு மலிவான பண்டத்தைக் கொடுத்து அவர்களைப் பிழைக்க வைத்தார். அதில் இருந்த சத்து என்ன என்று அப்போது தெரியவில்லை. 1941-ல் அமெரிக்காவில் பசலை இன வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

வட ஆர்க்காட்டில் ஒரே வீட்டில் பலருக்கு ஸ்புரூ பரவியதைப் பற்றி, மாதனும் பேக்கரும் இன்னொருவரும் சேர்ந்து 1966-ல் இங்கிலாந்து மருத்துவ ஏடு ஒன்றில் எழுதினார்கள். தொற்று நோய்போலப் பரவுகிறது என்று தெரிந்தது. ஆனால், இன்ன கிருமிதான் என்று அடையாளம் காட்ட முடியவில்லை. பிறகு அந்த நோய் கிராமம் கிராமமாகப் பரவுவது நின்று போயிற்று. இப்போது எங்கோ ஒருவர், இருவருக்குத்தான் வருகிறது.

ஸ்புரூ போய்விட்டது. ஆனால், தீராத வயிற்று நோய்கள் போய்விடவில்லை.

"ரொம்ப நாளாங்க!"

வெள்ளிமலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து டாக்டர் முன்னால் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எத்தனை நாளா வலிக்குது, பெரியவரே?"

"ரொம்ப நாளாங்க."

"சாப்பிட்ட பிறகா, சாப்பிடறதுக்கு முன்னாடியா?"

"எப்பவும்தானுங்க."

"மலம் எப்படிப் போகுது?"

பெரியவர் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். எப்படிச் சொல்வது?

இந்த வெட்கத்தால் கெட்ட குடும்பங்கள் அநேகம். டாக்டர் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மலம் தார்போலக் கறுத்துப் போனால் மேலே இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம் இருக்கலாம். சிவந்த ரத்தமாகப் போனால் பெரும்பாலும் கீழே பெருங்குடல் பக்கமோ, ஆசன வாயிலோ கோளாறு. எண்ணெய் மிதந்தால் சத்து சேரவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும், நோன்பு இல்லாமலே குறைகிற எடையும் அலட்சியம் செய்யக் கூடாதவை.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆகவே, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முக்கியமாக, மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கித் தின்கிற மாத்திரைகளை மறைக்கக் கூடாது. இரைப்பையில் புண் உண்டாக்குவதில் அவை கெட்டிக்காரர்கள்!

சாராயம் குடிக்கிறவர் அதையும் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட குடியால் கணையம் கெட்டு, முதுகு வரை பாய்கிற வயிற்று வலி வரும். டாக்டர் போலீஸ்காரர் அல்ல.

கடுக்காய்? அதையும் சொல்லலாம். மலச்சிக்கலுக்குப் பெரியவர்கள் கண்ட மருந்து அது. ஆனால், குடலில் ரத்தம் கசிகிறதா, கட்டி இருக்கிறதா என்று கடுக்காய் கண்டுபிடித்துச் சொல்லாது.

கண்ணாடி நாரில் ஓடிய ஒளி

இப்போது கிராஸ்பியின் மாத்திரையை யாரும் விழுங்குவது இல்லை. "எண்டோஸ்கோப்பி" வந்துவிட்டது.

அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஒரு பஞ்சாபியர்! பெயர் நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி நார்க் கட்டின் வழியாக ஒரு படத்தை அனுப்பிக் காட்டினார். நார் வளைந்தாலும் ஒளி அதற்குள்ளேயே வளைந்து ஓடியது. 1954-ல் அதைப் பற்றி எழுதினார்கள்.

அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், அமெரிக்காவில் கண்ணாடி நாரால் ஒரு வயிற்றுக் குழாய் செய்தார். 1957-ல் முதலில் யார் அதை விழுங்கினார் தெரியுமா? அவரேதான்! பிறகுதான் நோயாளிக்குப் போட்டார்.

இப்போதைய குழாயின் நுனியில் சின்ன கேமரா இருக்கிறது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்து, வாய் வழியாக உள்ளே விடுவார்கள். குமட்டும். ஆனால், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேண்டுமானால் அதே குழாய் வழியாக ஒரு துணுக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

"துணுக்கு எடுத்தார்கள்; அப்படியானால் புற்று நோய்தான்!" என்று வீட்டில் அழத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் துணுக்கு எடுப்பார்கள்.

கிருமியைக் குடித்த டாக்டர்

அது என்ன கிருமி?

குடல் புண் தென்னாட்டில் வெகு காலமாக அதிகம். "காரம் தின்றதால் வந்தது, கவலையால் வந்தது" என்று சொல்லி வந்தார்கள். பால் குடிக்கச் சொன்னார்கள். முற்றினால் ஆபரேஷன். தமிழ் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்த ஆபரேஷன் ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற டாக்டர், இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகள் இருப்பதை 1979-ல் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். வளரவில்லை. இரண்டு நாளில் வளரவில்லை என்றால் தட்டைத் தூக்கி எறிந்து விடுவது வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டை எறிய ஆள் இல்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது!

"அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழுமா?" என்று மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். 1984-ல் மார்ஷல் ஒரு காரியம் செய்தார். கிருமிக் கரைசலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். சில நாட்களில் குமட்டல், வாந்தி. குழாய் போட்டுப் பார்த்தபோது இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமி இருந்தால் இப்போது 14 நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். நான்காம் நாளே வலி நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று மீதியை அலமாரியில் போடுவார்கள். கிருமி சாகாது, அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த தடவை மருந்து கேட்காது.

ஒரே மாதிரி இரண்டு நோய்

"மருந்தைக் கொடுத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு நேர் பதில் இங்கே இருக்கிறது.

காசநோய் நுரையீரலில் மட்டும் வருவது இல்லை. குடலிலும் வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடம், வயிற்றின் வலது பக்கம் கீழே இருக்கிறது. அங்கே அதற்குப் பிரியம் அதிகம். வலி, மாலைக் காய்ச்சல், பேதி, மெலிவு. குடல் சுருங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு.

"குரோன்" என்ற இன்னொரு நோய் இருக்கிறது. 1932-ல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க டாக்டரின் பெயர் அது. அதுவும் அதே இடத்தில், அதே மாதிரி வரும். ஸ்கேனில் பார்த்தாலும், குழாய் விட்டுப் பார்த்தாலும், அனுபவம் உள்ள டாக்டரே திகைப்பார்.

வைத்தியமோ நேர் எதிர்! குரோன் நோய்க்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்தைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவி ஆளைச் சாய்த்துவிடும். ஆகவேதான் துணுக்கு எடுக்கிறார்கள். மறுபடியும் வரச் சொல்கிறார்கள். காசநோய் என்று தெரிந்தால் பெரும்பாலும் 6 மாத மருந்தில் குணமாகும். அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது.

எல்லாச் சோதனையும் செய்த பிறகு, "ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொல்வதும் உண்டு. நோயாளிக்குக் கோபம் வரும். "அப்படியானால் என் வலி பொய்யா?" என்பார். பொய் இல்லை. குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமல், குடலின் ஓட்டமும் நரம்பும் முரண்டு பிடித்து வலி வருவது உண்டு. அது உயிருக்கு ஆபத்து இல்லாதது. சாப்பாட்டு முறையாலும் மருந்தாலும் அடக்கி வைக்கலாம். ஆனால், அந்த முடிவுக்கு வருவதற்கு மற்ற நோய்கள் இல்லை என்று தெரிந்தாக வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் முன்

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பு மலை மக்களுக்கு மாவட்டத் தலைநகர் விழுப்புரம்! 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிறுவங்கூரில் இருக்கிறது. ஆனாலும் மலைப் பாதை மலைப் பாதைதான். மழைக் காலத்தில் ஒரு தடவை வருவதே பெரும்பாடு.

அப்படி வருகிறவர் வெறும் கையோடு வரக் கூடாது. முன்பு பார்த்த டாக்டரின் சீட்டு, ரத்தச் சோதனைக் காகிதம், ஸ்கேன் படம், தின்று முடித்த மாத்திரை அட்டை - எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு, தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு வர வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அதனிடம் விடலாம். காகிதம் இல்லாவிட்டால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு டாக்டரிடமும் அதே கதை, அதே செலவு.

மலத்தில் ரத்தம், காரணம் இல்லாத மெலிவு, விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி, கண் மஞ்சள் ஆவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த சந்தை நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்போல இறுகி வலித்தாலோ 108-க்குச் சொல்லிவிட வேண்டும்.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும், குடும்ப அட்டையையும், ஆதாரையும் எடுத்து வர வேண்டும். படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் உதவும்.

மேல் வயிற்றுக் குழாய்ச் சோதனை என்றால் வெறும் வயிறாக வர வேண்டும். முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி. காலையில் பஸ் ஏறுமுன் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வந்தால், அன்றைய பயணம் வீண். டாக்டர் இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவார். பெருங்குடல் சோதனை என்றால், முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பேதி மருந்து குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் மலைப் பஸ்ஸில் உட்கார முடியுமா? முடியாது. முதல் நாளே கீழே வந்து தங்க இடம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர், பட்டினியாக வரும் அன்று அதைப் போடலாமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், கச்சிராயப்பாளையம் வருவதற்குள் மயக்கம் வந்துவிடும்.